கம்பிக்கு உள்ளே இருபது வருஷம்

லண்டனில் 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' என்றொரு பட்டம் உண்டு. 1953-இல் முதல் தேர்வை 21 பேர் எழுதி 6 பேர்தான் தேறினார்கள். அது மது வியாபாரத்தில் ஊறியவர்களுக்கான தேர்வு. பெங்களூரில் என் நண்பர்கள் சிலர் அதற்குப் பல படி கீழே இருக்கும் ஒயின் வகுப்புகளுக்குப் பணம் கட்டிப் போகிறார்கள். திராட்சை, மண், பீப்பாய் என்று பேசுவார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் "இந்த ஃபீல்டுல இருபது வருஷ அனுபவம்" என்று யாரையாவது பயபக்தியோடு அவர்கள் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அதே அனுபவத்தோடு நம்ம ஊரில் இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன பட்டம் வைத்திருக்கிறோம்?

டாஸ்மாக் 1983-இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மேற்பார்வையாளருக்கு டிகிரி, விற்பனையாளருக்கு ப்ளஸ் டூ என்று படிப்பு பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். அன்று இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர் இன்று ஐம்பதை நெருங்குகிறார். இன்னமும் தொகுப்பூதியம்தான்.

24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் சட்டம் போட்டதும் இதே தமிழ்நாடுதான். அது டாஸ்மாக்குக்குப் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். மற்ற முதலாளிகளுக்குச் சொன்ன நியாயத்தைத் தனக்கே சொல்லிக்கொள்ள அரசுக்கு ஏன் வாய் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

கணக்கு என் தொழில், அதனால் போட்டுப் பார்த்தேன். 2024–25-இல் கலால், வாட் இரண்டும் சேர்த்து வந்தது 48,344 கோடி. 2025 ஏப்ரலில் ஊழியர்களுக்குக் கொடுத்த மாதம் 2,000 ரூபாய் உயர்வுக்கு ஆண்டுச் செலவு சுமார் 64 கோடி. அதாவது ஆயிரம் ரூபாய் வருமானத்துக்கு ஒரு ரூபாய் முப்பது பைசா. ஐடி கம்பெனியில் இப்படி ஒரு இன்க்ரிமென்ட் லெட்டர் வந்திருந்தால் ஸ்க்ரீன்ஷாட் போட்டுக் கிழித்திருப்போம்.

"பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்குறானே!" வாங்குவது தப்புதான். உடைந்த பாட்டில், இறக்குக்கூலி, கரண்ட் பில் எல்லாம் தங்கள் தலையில் விழுகிறது என்று தொழிற்சங்கங்கள் வருஷக்கணக்காகச் சொல்கின்றன. அதையும் விசாரித்துவிட்டுத் திட்டலாமே.

இன்னொரு கூட்டம் நம் முற்போக்கு நண்பர்கள். மதுவிலக்கு வேண்டுமாம், ஆகவே நிரந்தரப் பணி கூடாதாம். 2016, 2017, 2023 என்று ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடியபோது கைதட்டினோம் சரி. அங்கே நின்றவர் அடுத்த நாள் எந்த ஊர்க் கடைக்குப் போனார் என்று யார் கேட்டோம்? கடையை மூடச் சொல்கிறவன்தான் அவருக்கு வேறு துறையில் வேலை கொடு என்று முதலில் கத்த வேண்டும். நிரந்தர ஊழியராக இருந்தால்தானே அப்படிக் கேட்கவே முடியும்?

நீலகிரியில் 2022-இல் காலி பாட்டில்களைத் திரும்ப வாங்கும் திட்டம் வந்தது. நல்ல திட்டம், காட்டில் யானையின் கால் தப்பும். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டுவதும், காலி பாட்டிலை எண்ணி வாங்கி அடுக்குவதும், பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுப்பதும் தங்கள் தலையில்தான் விழுகிறது என்று கடை ஊழியர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரை விற்பனையும் நடக்க வேண்டும்.