தொலைபேசியில் சொல்லாதவற்றைத் திரையில் பாருங்கள்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

ஸ்காபரோவிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து கதைக்கும் மருமக்களும் தம்பிமாரும் சுகம் விசாரித்து முடிந்ததும் என்னிடம் தவறாமல் கேட்பது, "இப்ப என்ன படம் பார்க்கலாம்?" என்பதுதான். பனிக்காலம் தொடங்கிவிட்டால் வேலையால் வந்தபிறகு எங்களுக்கு வீடே கதி. இரவுகளில் நான் படம் பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். வட்ஸ்அப்பில் இரண்டு பெயர்களை எழுதி அனுப்பினால் அவர்களுக்குப் போதும். எனக்கு அது போதாமல் இருக்கிறது. கடந்த மாதங்களில் புதிதாகப் பார்த்தவற்றையும் மறுபடி தேடிப் பார்த்தவற்றையும் பற்றி, எதை ஏன் பார்க்க வேண்டும், எது எங்கே பிசகுகிறது என்று எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து வருகிற பெரிய படங்களை நீங்கள் எங்களுக்கு முந்தியே பார்த்துவிடுகிறீர்கள். அவற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வருவது எங்களைப் பற்றிய படங்களை. ஒவ்வொரு கிழமையும் நாங்கள் ஒருவரோடொருவர் கதைக்கிறோம். ஆனால், மற்றவர் கவலைப்படுவார் என்று நிறைய மறைக்கிறோம். இங்கே வேலை போனதை, மகன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் திரிவதை நாங்கள் சொல்வதில்லை. போருக்குப் பின் தடுப்புக்காவலிலிருந்து வந்த பெடியனோடு ஊர் முகம்கொடுத்துக் கதைக்காமல் இருப்பதை நீங்கள் சொல்வதில்லை. நாங்கள் விழுங்கிவிடுகிற இந்தக் கதைகளைச் சில படங்கள் துணிந்து சொல்லியிருக்கின்றன. அவற்றில் பல ரொட்டர்டாம், கான் திரைப்பட விழாக்களில் பார்க்கப்பட்ட அளவுக்கு எங்கள் வீடுகளில் பார்க்கப்படவில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை.

உங்களில் பலர் பார்த்திருக்கக்கூடிய படத்திலிருந்து தொடங்குகிறேன். 2025 மே மாதம் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி', அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற்படம். 2022இல் நாடே பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், தர்மதாஸ், வசந்தி என்ற தம்பதி இரண்டு ஆண்பிள்ளைகளோடு வள்ளமேறி இராமேசுவரம் போகிறார்கள். பிறகு சென்னையில் ஒரு குடியிருப்பில், எந்த ஊர் என்று சொல்லாமல் வாழ்கிறார்கள். சசிகுமாரும் சிம்ரனும் நடித்திருக்கிறார்கள். அயலவரின் பெயர்கூடத் தெரியாத ஒரு தெருவை அந்தக் குடும்பம் ஒன்றுசேர்ப்பதுதான் கதை. அப்பம்மா முதல் பேரப்பிள்ளைவரை சேர்ந்திருந்து பார்க்கலாம், சிரிக்கலாம், அழவும் செய்வீர்கள்.

எனக்கு அதில் இரண்டு குறைகள். வாய்திறந்தால் பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில்தான் அந்தக் குடும்பம் வாழ்கிறது. கதையின் உயிரே பேச்சில் இருக்கும்போது, அந்தப் பேச்சு பல இடங்களில் எங்களுடையதாக இல்லை. மற்றது, அந்த மாதங்களில் உண்மையில் வள்ளமேறிப் போன குடும்பங்கள் மண்டபம் முகாமில்தான் தங்கவைக்கப்பட்டன. படம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நல்ல மனதோடு எடுத்த படம்தான், ஆனால் உண்மையில் அரைவாசியைத்தான் சொல்கிறது. வள்ளமேற நினைக்கிறவர்கள் மற்ற அரைவாசியையும் விசாரித்து அறிந்துகொள்ளுங்கள்.

அதற்கடுத்து 'தீபன்' பாருங்கள். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியார் எடுத்து, 2015இல் கான் விழாவின் உயர்ந்த விருதான தங்கப்பனையை வென்ற படம். முக்கிய பாத்திரத்தில் நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. புலிகள் இயக்கத்தில் இருந்த ஒருவன், முன்பின் தெரியாத ஒரு பெண், தாய் தகப்பனை இழந்த ஒரு சிறுமி ஆகிய மூவரும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு, கணவன், மனைவி, மகள் என்று சொல்லிப் பிரான்ஸ் போகிறார்கள். தலையில் மின்னும் விளக்குப் பட்டியோடு அவன் பாரிஸ் தெருக்களில் விளையாட்டுச் சாமான் விற்கும் காட்சியை உங்களில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்களில் எத்தனையோ பேருடைய முதல் வருடம் அப்படித்தான் போனது. வீட்டுக்கு அனுப்பிய படங்களில் அது இல்லை. கடையொன்றின் முன்னால் நல்ல ஜக்கெற் போட்டு எடுத்த படத்தைத்தான் அனுப்பினோம்.

அந்தச் சிறுமி பள்ளிக்கூடத்தில் தனித்து நிற்பதும், கணவன் மனைவியாக நடிப்பவர்களுக்கிடையில் மெல்ல மெல்ல ஒரு பிடிப்பு வளர்வதும் மிகுந்த கவனத்தோடு எடுக்கப்பட்டிருக்கின்றன. முடிவுப் பகுதியோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஆளின் கையில் மீண்டும் ஆயுதம் கொடுத்தால்தான் கதை முடியும் என்று இயக்குநர் நினைத்துவிட்டார். கட்டடக் காவலாளியாக ஒவ்வொரு நாளும் படிகளைக் கூட்டித் துடைத்து வாழும் மனிதனிடம் அதைவிடப் பெரிய வீரம் இருக்கிறது. அதைப் படத்தின் முதல் பாதியே காட்டிவிட்டது.

பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லாச்சப்பலைப் பார்க்க விரும்புபவர்களுக்கு லோரன்ஸ் வலின் இயக்கி நடித்த 'லிட்டில் ஜாஃப்னா' இருக்கிறது. 2024இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. 2009இன் போர்க்கால மாதங்களில், தமிழ்க் குழுவொன்றுக்குள் ஊடுருவ அனுப்பப்படும் தமிழ்ப் பொலிஸ்காரன் ஒருவனின் கதை. வேல ராமமூர்த்தியும் ராதிகாவும் நடித்திருக்கிறார்கள். வேகமான படம், பெடியளுக்குப் பிடிக்கும். துப்பாக்கிக் காட்சிகளில் மட்டும் மயங்கிவிட வேண்டாம். வளர்த்த நாட்டுக்கும் பெற்ற இனத்துக்கும் நடுவில் நின்று எந்தப் பக்கமும் முழுதாகப் போகமுடியாமல் அந்த இளைஞன் படும் பாடுதான் படத்தின் சாரம். இங்கு பிறந்த எங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்து பேசாமல் ஒரு மூலையில் இருந்தால், அதைப் பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் படத்தைப் பார்த்தால் விளங்கும்.

கனடாவைப் பற்றி அறிய லெனின் எம். சிவத்தின் இரண்டு படங்களைத் தேடுங்கள். '1999' என்ற படம் இங்கு தமிழ்ப் பெடியள் குழுக்களாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலத்தைச் சொல்கிறது. 2013இல் வந்த 'ஏ கன் அண்ட் ஏ ரிங்' ரொறன்ரோவில் வாழும் எங்கள் ஆட்கள் பலரின் கதைகளை ஒன்றோடொன்று பின்னுகிறது. சாங்காய் விழாவில் போட்டிக்குத் தெரிவான படம் அது. இரண்டும் குறைந்த பணத்தில் எடுக்கப்பட்டவை. நடிப்பில் சில இடங்களில் தளர்வு தெரியும். ஆனால் அந்த வீடுகள், அந்த வாகனத் தரிப்பிடங்கள், சாப்பாட்டு மேசையில் நிலவும் அந்த மௌனம் எல்லாம் நாங்கள் வாழ்ந்தவை. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மகளைக் கட்டிக்கொடுக்க யோசிக்கிற தாய் தகப்பன்மார் முதலில் இவற்றைப் பார்ப்பது நல்லது.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு தொடர் சொல்கிறேன். நெற்பிளிக்ஸில் 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்களாக வந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்'. கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண் தேவியின் கதை. இந்தியக் குடும்பம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தேவியாக நடிக்கும் மைத்ரேயி ராமகிருஷ்ணன் மிசிசாகாவில் வளர்ந்தவர், இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தின் மகள். சுமார் 15,000 பேர் விண்ணப்பித்த தேர்வில், முன் அனுபவம் இல்லாத பள்ளி மாணவியாகத் தெரிவானவர். காதல், சண்டை என்று மேலோட்டமாகத் தெரியும். அடியில் ஓடுவது தகப்பனைத் திடீரென்று இழந்த பிள்ளையின் துக்கம். அழாமல் கோபப்படுகிற மகளும், அழ நேரமில்லாமல் வேலைக்குப் போகிற தாயும் ஒரே வீட்டில் முட்டிக்கொள்வதை இவ்வளவு சரியாகக் காட்டிய தொடரை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் அந்தத் துக்கம் கதைக்கப்படாமல் கிடக்கிறது! சில காட்சிகள் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதற்காக விட்டுவிடாமல் தாய்மாரும் மகள்மாரும் பாருங்கள்.

இனி, நாங்கள் உங்களிடமிருந்து அறியவேண்டியதைச் சொன்ன படங்கள். எனக்கு எல்லாவற்றிலும் மேலானது அசோக ஹந்தகமவின் 'இனி அவன்'. 2012இல் தமிழில் எடுக்கப்பட்டது. போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்புகிற முன்னாள் போராளி ஒருவனை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் கதை. அவன் உயிரோடு வந்ததையே பொறுக்கமுடியாதவர்கள் இருக்கிறார்கள். அவன் விரும்பிய பெண்ணை, இயக்கத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில், சின்ன வயதிலேயே வயதான ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு ஒரு காவலாளி வேலை கிடைத்தால், அதனால் இன்னொருவனின் வேலை போய், வேலை இழந்தவனின் மனைவி வாசலில் வந்து நிற்கிறாள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? படம் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. அவனாக நடித்த தர்ஷன் தர்மராஜ் 2022இல் இளவயதிலேயே காலமாகிவிட்டார். வசனம் இல்லாத இடங்களில் அவருடைய முகத்தைப் பாருங்கள். நாங்கள் அனுப்புகிற காசால் தீர்க்கமுடியாத ஒன்று ஊரில் இருக்கிறது என்று எனக்கு விளங்கவைத்தது அந்த முகம்தான்.

அதே வழியில் 2023இல் விசாகேச சந்திரசேகரம் எடுத்த 'மணல்' ரொட்டர்டாம் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது பெற்றது. தடுப்பிலிருந்து வந்த மகன், காணாமற்போன காதலி, அவனோடு அலையும் தாய். அதிகம் பேசாத, ஆறுதலாக நகரும் படம். கைத்தொலைபேசியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொறுமையோடு பார்க்கவேண்டும்.

ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' ஆவணப்படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். 1983 ஜூலைக் கலவரத்தின்போது கொழும்பிலிருந்து ரயிலேறித் தப்பிய குழந்தை, பெரியவனாகி, தமிழ் இயக்கங்கள் தங்களுக்குள் கொன்றதைக் கேள்வி கேட்கிற படம் இது. 2017இல் கானில் திரையிடப்பட்டது. அடுத்த வருடம் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் எதிர்ப்பினால் நிறுத்தப்பட்டது. எனக்கு அந்தப் படத்தோடு முழு உடன்பாடு இல்லை. எங்களுக்கு அரசு செய்ததன் பாரம் அதில் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். பார்த்தால்தான் பிழை என்று சொல்லும் உரிமை எங்களுக்கு வரும். அதில் பேசப்படுகிற மரணங்களுக்கும் எங்கள் ஊர்களில் தாய்மார் இருக்கிறார்கள்.

அடுத்து ஒரு சிங்களப் படம். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர'. 1997இல் எடுக்கப்பட்டது. 2000இல் அரசு இதைத் திரையிடத் தடைபோட, உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் படம் வெளியே வந்தது. கண் தெரியாத ஒரு கிராமத்து முதியவருக்கு, இராணுவத்திலிருந்த மகனின் உடல் என்று மூடி முத்திரையிட்ட பெட்டி வருகிறது. மகன் செத்துவிட்டான் என்பதை அவர் ஏற்கவில்லை. நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். முதியவராக வரும் ஜோ அபேவிக்ரமவின் நடிப்பு என்றைக்கும் மறக்காது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தில் உட்கார்ந்த எங்கள் தாய்மாரும் அதையேதான் சொல்கிறார்கள்: காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக் கிராமத்திலும் ஒரு தகப்பன் அதே கேள்வியோடு இருந்தார் என்பதை அறிவதால் எங்கள் நியாயம் குறைந்துவிடாது, அது இன்னும் வலுப்பெறும்.

வயதானவர்களுக்கு 'பொன்மணி' நினைவிருக்கும். 1977இல் தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப் படம். சாதியையும் சீதனத்தையும் எங்கள் முகத்துக்கு நேரே கேட்ட படம். அது கேட்ட கேள்விகளுக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. இளையவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். எங்கள் சனசமூக நிலையத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் இவற்றில் ஒரு படத்தை எல்லோருமாகப் பாருங்கள். படம் எடுத்தவர்களிடம் முறைப்படி அனுமதி கேட்பதும் அதற்குரிய பணமும் இங்குள்ள எங்கள் பொறுப்பு. படம் முடிந்தவுடன் கலைந்துபோகாமல் கொஞ்சநேரம் இருந்து கதையுங்கள். பெண்கள் பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிராமல் முன்னுக்கு வந்து சொல்லவேண்டும். தடுப்பிலிருந்து வந்தவர்களை வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் திரைப்பட விழா நடக்கும்போது பெடியளும் பெட்டையளும் பஸ் பிடித்துப் போய்ப் பாருங்கள்.

பாரிஸிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் உங்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள். அது சரியா பிழையா என்று சொல்லவேண்டியவர்கள் நீங்கள்தான். முதலில் 'இனி அவன்' பாருங்கள். பார்த்துவிட்டு, அடுத்தமுறை தொலைபேசியில் கதைக்கும்போது சுகம் விசாரிப்பதோடு நிறுத்தாமல் உங்கள் அபிப்பிராயத்தையும் சொல்லுங்கள். எதையும் மறைக்காமல் நாங்களும் சொல்கிறோம்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஊர்ப்பிள்ளை,
ஸ்காபரோ, கனடா