கிறிஸ்துமஸுக்கு வாங்க, குடிவர அவசரப்படாதீங்க



போன வாரம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன் போட்டார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மலையடிவாரத்துல, எங்க தோட்டத்துக்கு ரெண்டு தோட்டம் தள்ளி ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கார். ஒரு ஓட்டு வீடு, தென்னை, வரப்போரம் அஞ்சாறு மா, ஒரு பங்குக் கிணறு.

"அண்ணாச்சி, அரையாண்டுப் பரீட்சை முடிஞ்ச மறுநாளே லாரி ஏத்திடலாம்னு இருக்கோம். கிறிஸ்துமஸ் ராத்திரி புது வீட்டுத் திண்ணையில ஸ்டார் கட்டணும்னு பாப்பா ஒத்தக்கால்ல நிக்கிறா"ன்னார்.

"ஸ்டார் கட்ட வாங்க தம்பி, லாரி வேண்டாம்"னேன். அவருக்கு மூஞ்சி சுருங்கியிருக்கும், போன்லயே தெரிஞ்சது. ஏன் அப்படிச் சொன்னேன்னு இங்க எழுதுறேன். இதே யோசனையில இருக்கிற பலபேர் இதைப் படிக்கிறீங்க.

அவங்க இந்த இடத்தைப் பார்த்தது ரெண்டே தடவை. ஒண்ணு போன மார்கழி, இன்னொண்ணு இந்த ஐப்பசி. எங்க ஊர்ப்பக்கம் மழை வர்றதே வடகிழக்குப் பருவத்துலதான். தென்மேற்குப் பருவம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல கொட்டிட்டு, எங்களுக்குக் காத்தை மட்டும் அனுப்பும். அதனால மார்கழியில கம்மாய் நிறைஞ்சு கிடக்கும், நெல்லு பச்சைப் பசேல்னு நிக்கும், கிணத்துல குனிஞ்சு கை நனைக்கலாம். விடியக்காலம் ஆண்டாள் கோயில் பக்கம் போனா திருப்பாவை கேட்கும், மலை மேல மேகம் படுத்திருக்கும். பொதிகை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி, காலையில இதைப் பார்க்கிற யாருக்கும் திரும்பிப் போக மனசு வராது. கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு பார்த்த மாதிரிதான் இது.

நானும் ஏமாந்தவன்தான். வருசங்களுக்கு முன்னாடி ஒரு கார்த்திகையில, ததும்புற கிணத்தைப் பார்த்துப் பக்கத்துக் காட்டை வாங்கினேன். பங்குனியில தண்ணி முழங்காலுக்கு இறங்கிருச்சு. அப்புறம்தான் பத்திரத்தை ஒழுங்காப் படிச்சேன். கிணத்துல எனக்குக் கால் பங்கு, நாலு நாளைக்கு ஒருநாள்தான் மோட்டார் முறை. வித்தவர் பொய் சொல்லலை. நான் கேட்கலை, அவர் சொல்லலை. அந்தக் கோடையில பன்னிரண்டு தென்னங்கன்னு காய்ஞ்சு போச்சு.

மழையும் சிரிச்சுக்கிட்டே வரும்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென்மாவட்டத்துக்காரங்க மறக்க மாட்டோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்ஞ்சது. நீங்க வாங்கின இடத்துக்குப் பக்கத்துல ஓடை எங்க இருக்கு, பெருமழைக்குத் தண்ணி எந்த வழியா வரும், பாதை எத்தனை நாள் அறுந்து கிடக்கும்? இதுக்குப் பதில் புலப்படத்துல முழுசா இருக்காது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்கிட்ட இருக்கும்.

அடுத்து மலை. 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. நல்ல விசயம். எங்களுக்குத் தினசரி சங்கதி புலி இல்லை, யானையும் காட்டுப்பன்னியும்தான். யானை தோப்புக்குள்ள இறங்கினா தென்னங்குருத்தைத் தின்னுட்டுப் போயிரும். அது அஞ்சாறு வருச மரம். ராத்திரி வெளிய லைட்டு போடாம கதவைத் திறக்கக் கூடாதுன்னு குழந்தைக்குப் பழக்கணும்.

வருமானக் கணக்கு ஒண்ணு சொல்றேன். ஏக்கருக்கு 70 தென்னை. மரத்துக்கு வருசம் 100 காய்னு நல்லாவே வச்சுக்குவோம். காய் 15 ரூபாய்னா 1,05,000 ரூபாய். இதுல மரமேறுற கூலி, உரம், தண்ணி பாய்ச்சுற கூலி, வெள்ளை ஈ வந்தா அந்தச் செலவு எல்லாம் கழியணும். மிஞ்சுறது உங்க ஒரு மாசச் சம்பளம் இருந்தா அதிர்ஷ்டம். ஸ்ரீதர் வேம்பு 2019-ல தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்கு வரலையான்னு கேட்பீங்க. வந்தார். அவருடைய கம்பெனி அவர் கூடவே வந்தது. உங்க வேலை உங்க கூட வருமா, வந்தாலும் எத்தனை வருசம்னு முதல்ல எழுதி வாங்குங்க. இன்னொண்ணு, விவசாய மோட்டாருக்குத்தான் இலவச மின்சாரம். அதுல இருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்க முடியாது, தனி இணைப்பு வேணும்.

இதையெல்லாம் சொன்னதும் அந்தத் தம்பி வீட்டம்மா போனை வாங்கினாங்க. "அண்ணே, இப்ப வரலைன்னா நாங்க எப்பவுமே வரமாட்டோம். எங்களுக்குத் தெரியும்"னாங்க.

அதுக்கு எனக்குச் சட்டுனு பதில் வரலை. அது நிசம்தான். 'அடுத்த வருசம், அடுத்த வருசம்'னு சொல்லியே ரிட்டயர் ஆனவங்களை எனக்குத் தெரியும். ஆனா வந்து ஒரே கோடையில பூட்டிட்டுப் போனவங்களையும் தெரியும். அவங்க போன தோட்டத்துல சீமைக்கருவேலம் ஏறுது, அதுக்குள்ள பன்னி குட்டி போடுது, அது ராத்திரி என் வெள்ளாமைக்கு வருது. நீங்க தோத்துப் போனா நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்துச் சம்சாரிக்கும்தான். ஊர்ல ஆள் குறைஞ்சுகிட்டே போற காலம் இது. நீங்க வரணும்னு உங்களைவிட எனக்கு ஆசை அதிகம். வந்து நிலைக்கணும், அதான் விசயம்.

அதனால அவங்ககிட்ட நான் சொன்னது இதுதான். இந்த லீவுல பத்து நாள் வந்து தங்குங்க. சித்திரையில, கத்திரி வெயில்ல, ஏ.சி. இல்லாம இன்னும் பத்து நாள் தங்குங்க. கிணத்துல எத்தனை அடி தண்ணி கிடக்குன்னு கயிறு விட்டுப் பாருங்க. உங்க முறையில மோட்டார் போட்டு எத்தனை தென்னைக்குப் பாயுதுன்னு எண்ணுங்க. பிள்ளையையும் வருசத்து நடுவுல பள்ளிக்கூடம் மாத்த வேண்டாம். அதுக்கப்புறமும் வரணும்னு மூணு பேரும் சொன்னா, ஜூன்ல சாமான் இறக்க நானே ஆள் கூட்டிட்டு வர்றேன்.

வீட்டம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சித்திரை வரைக்கும் அந்த வீட்டை யாருண்ணே பார்த்துக்குவா?"ன்னு கேட்டாங்க.

நான் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கேன். ஸ்டார் கட்ட ஏணியும் எடுத்து வச்சாச்சு.