பந்தைத் தொட மறுத்தார்கள், பதவி உருண்டது!

ஆட்டங்கள் 12; வெற்றி 5, தோல்வி 7. அமெரிக்காவின் மிஸ்ஸௌரி பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் 2015-ம் ஆண்டுக் கணக்கு இது. தோற்ற அணி என்று விளையாட்டுப் பக்கங்கள் ஏட்டை மூடிவிட்டன. நாம் மூடத் தயாராயில்லை.

அங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த உதைபந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பற்றி, மோதி முன்னேறும் முரட்டு ஆட்டம். கல்லூரி ஆட்டந்தான், ஆனால் டிக்கெட், டெலிவிஷன், விளம்பரம் என்று பணம் கோடிகோடியாகப் புரளும் தொழில். அந்த அணியின் பயிற்சியாளருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர். எலும்பு நொறுங்க ஆடிய மாணவனுக்கோ அன்று கூலி என்று எதுவும் கிடையாது. படிப்புக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் உதவித்தொகை மட்டும்.

அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவரை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டதே 1950-ல்தான். 65 ஆண்டுகள் சென்றும் நிறவெறி ஓயவில்லை. கறுப்பின மாணவர்கள் மீது வசைமொழி. விடுதிச் சுவரில் நாஜிச் சின்னம். முறையிட்டார்கள், நிர்வாகம் அசையவில்லை. கம்பெனி அதிகாரியாயிருந்து பல்கலைக்கழகத் தலைவராக வந்த டிம் வுல்ஃப் விலகவேண்டும் என்று ஜோனத்தன் பட்லர் என்ற மாணவர் நவம்பர் 2-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். ஐந்து நாள் பட்டினி! மேலிடம் இறங்கவில்லை.

நவம்பர் 7-ல் அணியின் கறுப்பின வீரர்கள் அறிவித்தார்கள்: தலைவர் விலகும்வரை ஆடமாட்டோம்! மறுநாள் வெள்ளை வீரர்கள் பலரும் பயிற்சியாளரும் அவர்கள் பக்கம் நின்றனர். 14-ம் தேதி ஆட்டம் நின்றால் எதிரணிக்கு 10 லட்சம் டாலர் கட்டவேண்டும். 9-ம் தேதியே தலைவர் ராஜினாமா!

ஒரு மனிதனின் பசி அசைக்காத நாற்காலியைப் பணப்பெட்டிக்கு வந்த ஆபத்து அசைத்துவிட்டது. தறி நின்றால் ஆலை முதலாளி பேச வருகிறான். அறுவடை நின்றால் மிராசுதார் பேச வருகிறான். அதே பாடந்தான் இதுவும். ஆனால் பட்டினி கிடந்தவர் மூட்டிய தீ இல்லாமல் அந்த ஸ்ட்ரைக்கும் பிறந்திராது.

ஒருவர் போனால் நிறவெறி போய்விடுமா என்று சிலர் கேட்கிறார்கள். போகாது. கூலி உயர்வு வாங்கிய ஆலையிலும் சுரண்டல் நிற்கவில்லையே! அதற்காகக் கூலி உயர்வு வேண்டாமென்றா சொல்வோம்?

மேலிடம் அஞ்சியதற்கு அத்தாட்சி வேண்டுமா? 2015 டிசம்பரிலேயே மிஸ்ஸௌரி சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது: ஆட மறுக்கும் வீரனின் உதவித்தொகையைப் பறி! எதிர்ப்புக் கிளம்பியது, சில நாட்களில் மசோதா வாபஸ்.

நவம்பர் 14-ல் அந்த வீரர்கள் மைதானத்தில் இறங்கினார்கள். 20-க்கு 16 என்று வென்றார்கள். அந்த 5 வெற்றிகளில் இதுவும் ஒன்று. ஆறாவது வெற்றி எந்தப் பட்டியலிலும் இல்லை. அதை நாம் எழுதிவைத்துக்கொள்வோம்.