கழிவுத் தொட்டிக்குள் இறங்க வேண்டியது இயந்திரம்

விண்கலங்களில் துப்புரவு முதலிய அன்றாட வேலைகளை மனிதர் செய்வதா, ரோபோக்களிடம் விடுவதா என்ற விவாதத்தில் பொதுச் சுகாதாரப் பொறியாளர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், எடையின்மையால் கீழே படியாமல் மிதந்து காற்றோட்டச் சல்லடைகளில் சேரும் தூசியை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், குழுவினரே உறிஞ்சுகருவி கொண்டு அகற்றுகின்றனர்; கழிப்பறையைப் பழுதுபார்ப்பவரும் அவர்களே. 2011இல் அங்கு அனுப்பப்பட்ட ரோபோநாட் 2 என்னும் மனித உருவ ரோபோ, கைப்பிடிகளைத் துடைப்பது போன்ற சோதனைகளைத் தாண்டாமல், கோளாறுற்று 2018இல் பூமிக்குத் திரும்பியது. அதனால் எவருக்கும் பெரிய இழப்பில்லை. ஏனெனில் அங்கே துப்புரவு எவருடைய பிறப்போடும் பிணைக்கப்படவில்லை, எவருடைய உயிரையும் கேட்பதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலை வேறு. தலைநகர் 2024இல் மாநகராட்சியாயிற்று எனினும், ஆலங்குடி, கீரனூர், பொன்னமராவதி போன்ற பேரூர்களில் வீட்டுக் கழிவு செப்டிக் டேங்க் எனப்படும் கழிவுத் தொட்டியிலேயே தங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அள்ளப்படாத தொட்டியின் அடியில் கசடு இறுகிவிடுவதால், கழிவுநீர் லாரியின் குழாய் மேலே நிற்கும் நீரை மட்டுமே உறிஞ்சுகிறது. எஞ்சியதைக் கிளற ஆளை இறக்கும் வழக்கம் இங்கேதான் பிறக்கிறது. கசட்டிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் தணிந்ததென்று எண்ணி இறங்குபவர் சில மூச்சுக்குள் மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் அவ்வாறே மடிய நேர்கிறது.

தற்காப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மாற்றுக் கருவியும் தமிழ்நாட்டிலேயே உருவாகியுள்ளது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த ஹோமோசெப், மடித்த குடைபோலத் தொட்டியின் குறுகிய வாய் வழியே இறங்கி, உள்ளே விரியும் சுழல்தகடுகளால் கசட்டைக் கலக்கிக் குழம்பாக்க, அது பின்னர் உறிஞ்சி எடுக்கப்படுகிறது. இப்பணியில் கணவரை இழந்த பெண்கள் முன்னின்று நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு முதல் கருவிகள் 2022இல் வழங்கப்பட்டது, அதன் வடிவமைப்பினும் பெரிய செய்தி. கருவி ஒப்பந்ததாரர் வசம் போனால், நேற்றுவரை தொட்டிக்குள் இறங்கியவர் இன்று பிழைப்பின்றி நிற்பார். எனவே மாவட்டத்தின் பேரூராட்சிகள் சேர்ந்து வாங்கும் கருவிகளை இயக்கும் உரிமையும் வருவாயும் துப்புரவுத் தொழிலாளர் குழுக்களுக்கே சேர வேண்டும். கருவி நுழையும் அளவுக்கு வாய் வைக்கப்படாத தொட்டிக்குக் கட்டட அனுமதியும் தரலாகாது.