பூட்டிய அறையில் ஒரு சுவாச யந்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாற்பது வருஷம் விறகடுப்பின் முன் அமர்ந்து எங்கள் குடும்பத்துக்கு உலை வைத்த என் தமக்கையாருக்கு, அறுபது வயதைத் தாண்டிய பின், வாசலிலிருந்து கிணற்றடிக்கு நடந்தாலே மேல்மூச்சு வாங்குகிறது. மாதம் இருமுறையாவது இழுப்பு அதிகமாகி, எங்கள் தாலுகா அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்துப் போகிறேன். அங்கே ஒரு டெரிஃபிலின் ஊசியும், பத்து நிமிஷம் நெபுலைசரும், காகிதப் பொட்டலத்தில் சால்பியூட்டமால் மாத்திரையும் தருகிறார்கள். மூச்சு சற்றே தணியும்; ஆனால் வீட்டுக்கு வந்ததும் காபி டம்ளரைப் பிடிக்க மாட்டாமல் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்.

அம்மாத்திரையில் இருப்பது 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். அதே ஔஷதம் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தும்போது வருவது 100 மைக்ரோகிராம் மாத்திரமே. வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, தேகமெங்கும் சஞ்சரித்த பிறகே சுவாசக் குழாயை எட்டும் மாத்திரைக்கு அத்தனை அளவு வேண்டியிருக்கிறது. நேரே மூச்சோடு போகும் மருந்துக்கு அதில் நாற்பதில் ஒரு பங்கு அளவே போதுமானதாகிறது. இன்ஹேலர் பழகிவிட்டால் விடாது, அது கடைசிக் கட்டத்து மருந்து என்றெல்லாம் எங்கள் ஊரில் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்தைப் போக்க வேண்டிய இடத்திலேயே இன்ஹேலர் கேட்டால், “ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்ற பதில் வருவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

வெறும் இன்ஹேலரும் போதாது. அதிலிருந்து வேகமாய்ப் பாயும் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் மோதி நின்றுவிடும். நடுவே ஸ்பேசர் என்னும் குடுவையை வைத்தால் வேகம் அடங்கி நுரையீரலுக்குள் இறங்கும். உயிருக்கு ஆபத்தான நிலையிலல்லாத ஆஸ்துமா இழுப்புக்கு, மின்சாரமும் வரிசையில் காத்திருப்பும் வேண்டும் நெபுலைசருக்கு, ஸ்பேசரோடு சேர்ந்த இன்ஹேலர் எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது பல ஆராய்ச்சிகளில் நிரூபணமான விஷயம். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்து வைத்தியர்கள், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டு இன்ஹேலரைப் பொருத்தி, இழுப்பு வந்த குழந்தைகளுக்கு அது விலை கொடுத்து வாங்கிய ஸ்பேசரைப் போலவே பயன்பட்டதை 1999-லேயே பிரசுரித்திருக்கிறார்கள்.

சென்ற மார்கழியில் ஓர் இரவு அக்காவுக்கு மூச்சோடு நினைவும் தளர்ந்தது. தாலுகா மருத்துவமனையில் ஆக்ஸிஜனை முழு வேகத்தில் திறந்து வைத்தார்கள். அவர் மேலும் மேலும் உறக்கத்தில் ஆழ்ந்தார். கரியமில வாயு தேங்கும் இத்தகைய நோயாளிக்கு இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவை 88-லிருந்து 92 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பதையும், மிஞ்சிய ஆக்ஸிஜன் உள்ளே தேங்கிய கரியமில வாயுவை இன்னும் பெருக்கிவிடும் என்பதையும் பிறகு அவரைக் கொண்டுபோன மாவட்டத் தலைமை மருத்துவமனையின் டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். உள்ளிழுக்கையில் அழுத்தத்தைக் கூட்டியும் வெளிவிடுகையில் குறைத்தும், தேங்கிய வாயுவை வெளியேற்ற உதவும் பைபாப் யந்திரத்தை, தொண்டையில் குழாய் இறக்காமல், முகமூடி வழியாகவே அங்கே இரண்டு இரவு பொருத்தினார்கள். மூன்றாம் நாள் காலை அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெந்நீர் கேட்டார்.

அதே யந்திரம் ஒன்று எங்கள் தாலுகா மருத்துவமனையிலும் இருக்கிறது! கொரோனாக் காலத்தில் வந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு பூட்டிய அறையில் கிடப்பதை ஜன்னல் வழியே என் கண்ணால் கண்டேன். முகமூடி இல்லை, இயக்கத் தெரிந்தவர் இல்லை என்கிறார்கள். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, வேண்டிய அளவு யந்திரம் இல்லாத நிலையில், மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தியே நோயாளிகளுக்குச் சுவாசம் கொடுத்தார்கள். இங்கே யந்திரம் இருக்கிறது. அதை இயக்கும் கையைப் பழக்குவாரில்லை. அதனால் அன்று மாவட்ட மருத்துவமனைக்கு 108 வண்டியில், வளைவுக்கு வளைவு அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒன்றரை மணி நேரம் நான் பிரயாணம் செய்தேன்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை 2021 முதல் வீடு தேடி வந்து கொடுக்கும் அரசாங்கத்துக்கு, ஓர் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் தாலுகா மருந்துக் கவுன்ட்டரில் தவறாமல் வைப்பதும், அவற்றைப் பிடிக்கும் விதத்தை நோயாளிக்கு ஐந்து நிமிஷம் செய்துகாட்டச் சொல்வதும் அசாத்தியமான காரியங்களல்ல. அடுத்த மார்கழிப் பனி வருவதற்குள் இரண்டு செவிலியரையேனும் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்து, அந்த அறையைத் திறக்கும்படி சுகாதாரத் துறை அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்