கற்குழியின் கணக்கு யார் கையில்?

கீரிமலைக் கேணியில் நீராடி, நகுலேஸ்வரப் பெருமானை வணங்கிவிட்டுக் காங்கேசன்துறைப் பக்கமாகச் செல்வோர் அந்தக் குழிகளைக் கண்டிருப்பர். சீமேந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் அவை. 1950 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமேந்துத் தொழிற்சாலை, களிமண்ணை முருங்கனிலிருந்து ரயிலில் வரவழைத்தது. கல்லைத் தன் காலடியிலேயே வெட்டி எடுத்தது. 1990 இல் போர் அதன் வாயிலை அடைத்தது. ஆலை நின்றது, ஊர் பெயர்ந்தது, குழிகள் மட்டும் எங்கும் போகவில்லை.

அந்த ஆலையை மீண்டும் எழுப்பவேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்புகிறது. வேலையின்றி அலையும் நம் இளைஞரை எண்ணும்போது அப்பேச்சை எள்ளி நகையாட நமக்கு மனம் வராது. ஆனால், குழிக்குள் இறங்குபவனின் உயிருக்கு என்ன காப்பு என்று கேட்டால், உடனே ஒரு விடை வருகிறது: "இது பழைய காலமா? இப்போது எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும்." எவ்வளவு எளிதான விடை!

கணினி எதைப் பார்க்கும் என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். உலகின் பெரிய சுரங்கங்களில் இன்று வேலைக்கு முந்திய பரிசோதனையை மேற்பார்வையாளர் கைத்தொலைபேசியில் பதிகிறார். கற்சுவர் ஒரு விரலளவு நகர்ந்தாலும் கருவி உணர்த்துகிறது. வெடி வைக்கும் எல்லைக்குள் எவர் நிற்கிறார், பாரவண்டிக்குப் பின்னால் எவர் நடக்கிறார், எவருடைய பயிற்சிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, நேற்று மயிரிழையில் தப்பிய விபத்து எது என்பதெல்லாம் நாளும் நேரமும் பொறிக்கப்பட்டு ஒரே ஏட்டில் ஏறுகின்றன. இவை சிறிய நன்மைகள் அல்ல. இயந்திரத்தைக் கண்டு மிரளும் கூட்டம் நாம் அல்லர். துலா மிதித்த கமக்காரன் நீரிறைக்கும் இயந்திரத்தை வரவேற்ற மண் இது.

நமது கேள்வி வேறு. அந்த ஏடு யாருடையது?

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில் அப்பர் பிக் பிராஞ்ச் என்ற நிலக்கரிச் சுரங்கம் 2010 ஏப்ரல் 5 ஆம் நாள் வெடித்தது. 29 பேர் மாண்டனர். விசாரணையில் வெளிவந்தது என்ன? நிர்வாகம் இரண்டு வகைப் பதிவேடுகளை வைத்திருந்தது. சட்டப்படி காட்டவேண்டிய ஏட்டில் இல்லாத ஆபத்துகள், நிர்வாகம் தன் உபயோகத்துக்கு வைத்திருந்த ஏட்டில் இருந்தன! பாதுகாப்பு விதிகளை மீறச் சதிசெய்த குற்றத்துக்காக அந்த நிறுவனத்தின் தலைவருக்குக் கிடைத்த தண்டனை ஓராண்டுச் சிறை. அந்தக் குற்றத்துக்குச் சட்டம் அதற்குமேல் இடம்தரவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 19 இல் நியூசிலாந்தின் பைக் றிவர் சுரங்கம் வெடித்தது. அங்கும் 29 பேர். அரச ஆணைக்குழு பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. விபத்துக்கு முந்திய 48 நாட்களில், மீதேன் வாயு வெடிக்கும் அளவை எட்டியதாக 21 அறிக்கைகள். அதற்குக் குறைந்தாலும் ஆபத்தான அளவில் இருந்ததாக மேலும் 27. அத்தனையும் எழுதப்பட்டிருந்தன. எழுதியவன் கடமையைச் செய்தான். படிக்கவேண்டியவன் வேலையை நிறுத்தவில்லை.

நமது சுண்ணக்கற்குழியில் மீதேன் இல்லை என்பது உண்மையே. இங்கே எமன் வெடிக்கல்லாகப் பறந்து வருவான். சரியும் சுவராக வருவான். பின்னோக்கி வரும் பாரவண்டியாக வருவான். நுரையீரலில் படியும் தூசியாகப் பல ஆண்டுகள் காத்திருந்தும் வருவான். ஆனால், உண்மையை எழுதி முதலாளியின் பெட்டியில் பூட்டிவைப்பதால் எவரும் பிழைப்பதில்லை என்ற பாடம் எல்லாக் குழிகளுக்கும் ஒன்றுதான். அந்தப் பெட்டி மரத்தால் ஆனதா, கணினியால் ஆனதா என்பது மாண்டவனின் மனைவிக்கு ஒரு பொருட்டா?

நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பணம் பெறவேண்டுமானால், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் காயம் நேர்ந்தது என்று காட்டவேண்டும். காட்டுவதற்குச் சான்று வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் கணினிப் பதிவையும் சான்றாக ஏற்க வழிசெய்தது; வரவேற்கிறோம். ஆயினும், பதிவுக்குள் என்ன இருக்கிறது என்றே அறியாதவன் அதை மன்றுக்கு அழைப்பது எப்படி? தகவலறியும் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தது. அரச அலுவலகத்தில் கிடக்கும் கடதாசியை அதனால் வெளியே கொணரலாம். தனியார் கம்பெனியின் கணினிக்குள் மட்டும் கிடப்பதைப் பெறுவதற்கோ, முதலில் அச்சட்டம் அக்கம்பெனியைத் தொடுமா என்றே வழக்காடவேண்டும். வழக்கறிஞர்களுக்கு அது நல்ல தொழில், தொழிலாளிக்கு அன்று.

இன்னொன்று. அந்த மென்பொருள் எந்த மொழியில் பேசும்? 1956 முதல் இந்த இனம் மொழியுரிமைக்காக அடிபட்டது, தபாற்கந்தோர்ப் பலகைக்காக மட்டுமா? "சுவரில் வெடிப்பு, உள்ளே இறங்காதே" என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மட்டும் ஒளிருமானால், நம் கற்குழித் தொழிலாளிக்கு அது எச்சரிக்கையே ஆகாது. அவன் விளங்காமல் விரலை வைத்து ஒப்பமிட்டால், நாளை அதுவே அவனுக்கு எதிரான சாட்சியாகும்: "எச்சரித்தோம், ஒப்புக்கொண்டான்!"

கமக்காரப் பெருமக்கள் இது தமக்குரிய விவகாரமன்று என்று இருந்துவிடலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணப்பாறை நம் தண்ணீர்த்தொட்டி. கடலின் உவர்நீர்மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரைத்தான் நாம் கிணற்றில் அள்ளுகிறோம். கீரிமலையில் கடலோரத்தில் ஊறுவதும் அந்த நன்னீரே. பாறையை ஆழ அகழ்ந்து நீரை இறைத்தால் உவர் மேலேறும். வெங்காயத் தோட்டம் அதை முதலில் அறியும். சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்நிலையம் நடத்திய கம்பெனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்த்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் கிணறு கெட்ட பின்னர்தான் வந்தது. குழியின் நீர்மட்டத்தையும் உவரையும் நாள்தோறும் அளக்கும் கருவி இன்று உண்டு. அந்த எண்களை ஊரார் பார்க்கக்கூடாது என்பதற்கு என்ன நியாயம்?

ஆகவே நாம் கேட்பது பெரிய புரட்சியன்று. இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ், புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் வழங்கும் உரிமப்பத்திரத்தில் நிபந்தனைகள் விதிக்க இடமுண்டு. கீரிமலையிலோ காங்கேசன்துறையிலோ ஒரு கல் பெயர்க்கப்படுவதற்கு முன், பாதுகாப்புப் பதிவு தமிழிலும் இருத்தல் வேண்டும். அன்றன்றைய பதிவின் பிரதி அன்றே அரச அலுவலகத்தில் சேர்தல் வேண்டும். ஒருமுறை எழுதியதைத் திருத்தினால், திருத்தியவரின் பெயரும் நேரமும் அழியாமல் நிற்றல் வேண்டும். தொழிலாளர் தெரிந்தெடுத்த பிரதிநிதியிடம் அந்த ஏட்டின் திறவுகோல் ஒன்று இருத்தல் வேண்டும். ஆபத்தென்று கண்டால் கூலி வெட்டின்றி வேலையை நிறுத்தும் உரிமையும் அவனுக்கு வேண்டும். கிணற்று நீரின் அளவுகள் பிரதேச சபைப் பலகையில் வாரந்தோறும் ஒட்டப்படல் வேண்டும்.

இவற்றுக்கு இணங்காத எந்தக் கம்பெனிக்கும் உரிமப்பத்திரம் வழங்கலாகாது என்று நமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் சபையில் கேட்பார்களா? நமது கட்சியினரையும் சேர்த்தே கேட்கிறோம். ஆலை மீண்டும் எழும் என்று மேடையில் முழங்குவோர், இந்த நிபந்தனைகளை எழுத்தில் ஏற்றுக் கையொப்பமிட்டுவிட்டு முழங்கட்டும்.