ஏற்காடு யாருக்கு?

ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்று பெயர் வந்ததாகப் பெரியோர் கூறுவர். பெயரிலேயே நீரும் மரமும் குடியிருக்கும் ஊர் நம்முடையது. ஆனால் இன்று சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே ஏறி வருபவர்களை முதலில் வரவேற்பவை விளம்பரப் பலகைகளே. "மலை மேல் சொந்த வீடு", "மேகங்களுக்கு நடுவே வில்லா", "முன்பணம் செலுத்துவோருக்குச் சலுகை" என்று அவை நம்மைக் கூவி அழைக்கின்றன. காபித் தோட்டமாக இருந்த சரிவுகளில் ஜே.சி.பி. இயந்திரம் மண்ணை வாரிக் கொட்டுகிறது. சனி, ஞாயிறு வந்துவிட்டால் ஒண்டிக்கடைப் பக்கம் சாலையைக் கடக்க நாம் கால் மணி நேரம் காத்து நிற்கிறோம்.

இது வளர்ச்சி என்கிறார்கள் சிலர். அழிவு என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு சொற்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம் தோழியரே! இந்த மலையில் இன்னும் ஐம்பது அறுபது ஆண்டுகள் வாழப் போகிறவர்கள் நாம். ஆகவே சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். வெளியிலிருந்து பணம் வருவது ஏற்காட்டுக்குப் புதிதல்ல. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, ராகி பயிரிட்டு வாழ்ந்து வந்த காலத்தில், 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்தார். ஆரஞ்சும் பேரிக்காயும் அவர் முயற்சியால் வேரூன்றின. அவருக்குப் பின் ஐரோப்பியத் துரைமார்கள் எஸ்டேட்டுகளை அமைத்தனர். அதனால் மலையாளி மக்கள் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் இழந்தனர் என்பதும் மறுக்க முடியாத வரலாறு. மறுபுறம், 1917-ல் தொடங்கப்பட்ட மான்ஃபோர்ட் பள்ளியானாலும் சரி, கன்னியர் மடங்களின் பள்ளிகளானாலும் சரி, கடல் கடந்து வந்தவர்களின் உழைப்பால் எழுந்தவையே. எனவே, "வெளியார் யாவரும் தீயவர்" என்று சொல்ல நமக்கு வாயில்லை. வந்தவர் யார் என்று கேட்பதைவிட, வந்த பணம் இந்த மலையிடம் எதை வேண்டி நின்றது என்று கேட்பதே பொருத்தம்.

காபியில் போட்ட பணத்துக்கு நிழல் தேவைப்பட்டது. அராபிகா காபி கொளுத்தும் வெயிலைத் தாங்காது. ஆகையால் சில்வர் ஓக்கும் பலாவும் காட்டு மரங்களும் நிற்கவேண்டியிருந்தது. அவற்றின் மீது மிளகுக் கொடி படர்ந்தது. உதிர்ந்த இலை மண்ணைப் போர்த்தியது. முதலாளி தன் இலாபத்துக்காகவே மரத்தைக் காத்தார். மலைக்கும் அதனால் ஓரளவு நன்மை கிடைத்தது.

இரண்டாவதாக வந்தது பாக்சைட் சுரங்கப் பணம். 1965-ல் மேட்டூரில் அலுமினியத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இத்தாலிய நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டுடன் எழுந்த ஆலை அது. அதற்கான தாது நமது மலையின் உச்சிகளிலிருந்து லாரிகளில் இறங்கியது. இந்தப் பணத்துக்கு மரம் வேண்டியிருக்கவில்லை, மண் மட்டுமே வேண்டியிருந்தது. சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய பிரச்சினையில் 2008-ல் சுரங்கப் பணி நின்றுபோனது. லாரிகள் போய்விட்டன, தோண்டிய பள்ளங்கள் நம்மிடம் தங்கிவிட்டன.

மூன்றாவது அலைதான் இப்போது நாம் காணும் கட்டடப் பணம். இது ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது? காரணங்கள் பல. உலகக் காபி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை 1989-ல் முறிந்தது. 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் காபி விலை அதல பாதாளத்துக்கு விழுந்தது. கூலி கொடுக்கவும் வருமானம் போதாமல் பலர் தோட்டத்தை விற்க முன்வந்தனர். எஸ்டேட்டுக்காரர்களின் பிள்ளைகளோ பெருநகரங்களிலும் வெளிநாடுகளிலும் குடியேறிவிட்டனர். அதே காலத்தில் பெங்களூரிலும் சென்னையிலும் கணினித் தொழிலால் பணம் பெருகியது. 2005-ல் கட்டடத் திட்டங்களுக்கும், 2015-ல் காபித் தோட்டங்களுக்கும் நூற்றுக்கு நூறு அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது.

இதில் கவனிக்கத்தக்க நுணுக்கம் ஒன்று உண்டு. அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஒருவர் இங்கே விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம். அதாவது, காபித் தோட்டமாக இருக்கும் வரை பூட்டியிருக்கும் கதவு, அதைத் துண்டு போட்டு மனையாக்கிய மறுநாளே திறந்துவிடுகிறது! தோட்டத்தைவிட மனைக்கு ஏன் இத்தனை விலை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மூன்றாவது பணம் மலையிடம் எதைக் கேட்கிறது? காட்சியை மட்டுமே கேட்கிறது. சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும், அவ்வளவுதான். மறைக்கும் மரம் அதற்கு இடைஞ்சல். சரிவின் விளிம்பே அதற்கு விலை மதிப்புள்ள இடம். பகோடா முனையிலும் லேடீஸ் சீட்டிலும் நின்று எல்லாரும் இலவசமாகக் கண்ட காட்சியைத் துண்டு துண்டாக்கி விற்பதே இந்த வியாபாரம். அதில் மலையின் உடல்நலம் கணக்கிலேயே வருவதில்லை.

மலைக்கும் உடல்நலம் உண்டா என்று யாரேனும் கேட்கலாம். உண்டு. நமது மலையின் மேல்தளத்தில் செம்மண்ணும் பாக்சைட் கலந்த படலமும் உள்ளன. அதற்கடியில் சார்னோகைட் என்னும் கடும்பாறை. பெய்த மழை மேல்படலத்தில் பஞ்சில் ஊறுவதுபோல் ஊறி, பாறைமீது வழிந்து, பள்ளங்களில் ஊற்றாகக் கசிகிறது. இந்த ஊற்றுகளே ஓடையாகி, வாணியாறாகத் தருமபுரிப் பக்கமும், சரபங்கா, திருமணிமுத்தாறு என்ற பெயர்களில் காவிரிப் பக்கமும் போகின்றன. மேல்படலத்தைச் சுரண்டிச் சிமெண்டு பூசினால் மழை ஊறாது, ஓடும். கோடையில் குடம் காலி, மழையில் சாலை காலி என்ற நிலைதான் மிஞ்சும். ஏரியில் நிரம்பி வழியும் நீரே கிளியூர் அருவியாக விழுகிறது. விடுதிக் கழிவு ஏரியில் கலந்தால் அருவியில் குளிப்பவர்கள் எதில் குளிக்கிறார்கள் என்பதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2024-ஆம் ஆண்டு சூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் ஊரில் ஒரே நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. வயநாட்டுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும் என்று பயமுறுத்துவது எங்கள் நோக்கமன்று. சரிவை வெட்டுகிறவன் மழையோடு பந்தயம் கட்டுகிறான் என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

அடுத்து, மக்களைப் பற்றி. நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை போன்ற ஊர்களிலிருந்து நம் வகுப்புகளுக்கு வரும் தோழியர் பலர். மலையாளி குலத்தில் பிறந்த பெண்கள் அவர்கள். சிலருடைய வீட்டில் பாட்டன் காலத்து நிலம் கைமாறிவிட்டது. விற்ற பணம் ஒரு திருமணத்திலும் ஒரு மோட்டார் சைக்கிளிலும் கரைந்துபோனது. நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர், இப்போது அதே நிலத்தில் எழுந்த விடுதியின் வாயிலில் காக்கிச் சட்டை அணிந்து, கார் வரும்போது எழுந்து நிற்கிறார். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு, உண்மைதான். ஆனால் தன் வாசலில் தானே காவற்காரனாக நிற்கும் மனிதரைப் பார்க்கும்போது, அவர் மகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

திருமறையில் நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதையை நாம் கேட்டிருக்கிறோம். ஆகாபு அரசன் நல்ல விலையும் தருவதாகச் சொன்னான். வேறு தோட்டமும் தருவதாகச் சொன்னான். மூதாதையர் விட்டுச்சென்ற நிலத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத். விலையைப் பற்றி அவன் பேசவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு தொகை உண்டு என்று நம்பும் அரசனுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. நம் மலையில் நாபோத்துகள் பலர் வறுமையால் "சரி" என்று சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

"விடுதி வராவிட்டால் வேலை எங்கே? உங்கள் அண்ணன்மார் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்த்தானே உழைக்கிறார்கள்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்வி. விடுதிகளால் கடைக்காரருக்கும், வாகனம் ஓட்டுபவருக்கும், பழம் விற்கும் அம்மாளுக்கும் வருமானம் உண்டு. அதை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் எத்தகைய வேலை யாருக்குக் கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டாமா? அறை பெருக்குவதும் பாத்திரம் துலக்குவதும் காவல் காப்பதும் நம்மவருக்கு. மேலாளர் நாற்காலி கீழேயிருந்து வருபவருக்கு. படித்த பெண்ணுக்கும் அதே துடைப்பந்தான் என்றால் நாம் பத்தாம் வகுப்பில் இயற்கணிதம் படிப்பது எதற்காக?

வேகமாக வரும் பணம் வேகமாகப் போகவும் கூடும். கம்போடியா நாட்டில் சிஹானூக்வில் என்ற அமைதியான கடற்கரை ஊர் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் சீன முதலீடு அங்கே வெள்ளமாய்ப் பாய்ந்தது. சூதாட்ட விடுதிகளும் அடுக்குமாடிகளும் முளைத்தன. வாடகை உயர்ந்து உள்ளூரார் ஒதுக்கப்பட்டனர். 2019 சூன் மாதத்தில் கட்டிக்கொண்டிருந்த ஏழு மாடிக் கட்டடம் இடிந்து 28 தொழிலாளர்கள் மாண்டனர். அதே ஆண்டு இணையவழிச் சூதாட்டத்துக்கு அரசு தடை அறிவித்ததும் முதலீட்டாளர் பலர் மூட்டை கட்டினர். பாதியில் நின்ற கட்டடங்கள் எலும்புக் கூடுகளாக நின்றன. நாம் மலையில் இருக்கிறோம், அவர்கள் கடலோரத்தில்; ஆனாலும் பாடம் ஒன்றே.

நம் அண்டை மலையிலிருந்தும் பாடம் உண்டு. கொடைக்கானலில் விதியை மீறிப் பல மாடி எழுப்பிய ஒரு விடுதியை எதிர்த்துப் பழநி மலைப் பாதுகாப்புச் சங்கத்தார் நீதிமன்றம் சென்றனர். 1995-ல் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்து, சங்கத்தாரே வென்றனர். சாதாரண மக்களும் சட்டத்தைக் கையில் பிடித்து நின்றால் மலை தப்பும் என்பதற்கு இது சான்று.

நமக்கும் சட்டங்கள் இருக்கின்றன. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990-ல் அமைந்தது. அதன் பட்டியலில் உள்ள ஊர்களில் மனை பிரிக்க வேண்டுமானால் வனத்துறை, புவியியல் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியோரின் கருத்தைக் கேட்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் காபித் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. தோட்டம் தோட்டமாக நீடிக்கட்டும் என்பதற்குத்தானே அச்சலுகை? மனை போட்டு விற்பதற்கா? சட்டம் ஏட்டுச் சுரைக்காயாக இருந்தால் கறிக்கு உதவாது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். விடுதிகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கட்டடத்துக்கு அனுமதி தருமுன் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கேட்கட்டும். அந்த விடையைக் கிராம சபையில் தமிழில் உரக்கப் படிக்கட்டும். மலையாளி மக்களின் நிலத்தை விற்பனைக்குக் கேட்பவர்கள், குத்தகைக்குக் கேட்கட்டும். நிலமும் குடும்பத்துக்கு மிஞ்சும், ஆண்டுதோறும் வருமானமும் வரும். மரத்தை விடாமல் காபி பயிரிடும் சிறு விவசாயிக்கு அரசு தாராளமாக உதவட்டும். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற ஆணைப்படி வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. நம் மலை எத்தனை வாகனத்தைத் தாங்கும் என்றும் ஒருமுறை கணக்கெடுக்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிலப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் வீட்டில் படிக்கும் பெண்ணிடம் அதைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதற்காகத்தானே எங்களைப் பள்ளிக்கு அனுப்பினீர்கள்? தோழியரே, உங்களுக்கும் ஒன்று: உங்கள் ஊர் ஊற்றின் பெயர் என்ன, அது எந்த மாதத்தில் வற்றுகிறது என்று இந்த விடுமுறையில் பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து யாராவது "இங்கே நீரே இருந்ததில்லை" என்று சொல்ல வந்தால், காட்டுவதற்கு நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி